சுருள் கற்றாழை: ஒன்று செத்ததும் ஒன்று பிழைத்ததும்

2018 மார்ச் மாதத்தில் ஒரு காலை. தொட்டியில் இருந்த சுருள் கற்றாழையைச் சற்று அசைத்துப் பார்க்கலாம் என்று கை வைத்தேன். செடி முழுதாகக் கையோடு வந்துவிட்டது, வேர் வரவில்லை. தூர் இருந்த இடத்தில் பழுப்பு நிறக் கூழும் அழுகிய உருளைக்கிழங்கின் வாடையும்தான் மிஞ்சியிருந்தன. மண்ணைக் கொட்டித் தேடியதில் சில வேர்கள் கிடைத்தன. ஒன்றை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறைபோலக் கழன்று வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் நின்றது. ஆனால் நடுக்குருத்து அப்போதும் கெட்டியாக, பச்சையாக இருந்தது. சாவு கீழிருந்து மேலே ஏறியிருக்கிறது. மேலே தெரிவதற்குள் கீழே எல்லாம் முடிந்துபோயிருந்தது.

அடுத்து நட்ட செடி இன்று ஆறு வயதைத் தாண்டி, ஒன்றரை அடி அகலத்தில், ஐந்து சுருளாக விரிந்து நிற்கிறது. இரண்டும் ஒரே தோட்டத்தில், ஒரே கையால் வளர்க்கப்பட்டவை. இடையில் என்ன மாறியது என்பதை, அளந்ததையும் எழுதிவைத்ததையும் கொண்டு இங்கே முழுதாகச் சொல்கிறேன். தோட்டம் இருப்பது நியூசிலாந்தின் வெலிங்டனில், ஒரு குன்றின் கிழக்குச் சரிவில்.

செடியின் ஊர்

இதன் தாவரவியல் பெயர் அலோ பாலிஃபில்லா. பல இலைகளை உடையது என்று பொருள். தென்னாப்பிரிக்கத் தாவரவியலாளர் நெவில் பில்லன்ஸ் 1934-இல் இதை விவரித்துப் பதிவு செய்தார். உலகில் இது இயற்கையாக வளரும் நாடு ஒன்றே ஒன்றுதான்: தென்னாப்பிரிக்கா நாலாபுறமும் சூழ்ந்த லெசோத்தோ. அந்த நாட்டின் மிகத் தாழ்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுருள் கற்றாழை இருப்பது அதற்கும் வெகு மேலே, மலோட்டி மலைகளில், 2,230 முதல் 2,720 மீட்டர் வரை. உதகமண்டலத்தின் உயரத்தில் தொடங்கி, தொட்டபெட்டாவையும் சற்றுத் தாண்டிப் போகிறது என்று சொன்னால் நமக்கு எளிதாகப் புரியும்.

அந்தச் சரிவுகள் செங்குத்தானவை. தரையெல்லாம் உதிரும் எரிமலைப் பாறை. அந்தப் பசால்ட் கற்களின் இடுக்கில்தான் செடி வேர் விடுகிறது. கோடையில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, மழை இல்லாத நாளில் மூடுபனி. குளிர்காலத்தில் செடி பனிக்கு அடியில் கிடக்கும். அதாவது ஆண்டு முழுவதும் வேர் குளிர்ந்திருக்கிறது. கோடை முழுவதும் தண்ணீர் கிடைக்கிறது, ஆனால் ஒரு நாள்கூட வேரடியில் தேங்குவதில்லை. கல்லுக்குள் புகுந்து, வேரை நனைத்து, கீழே ஓடிவிடுகிறது.

இந்தப் பத்தியை 2017-லேயே படித்து மனத்தில் வாங்கியிருந்தால் முதல் செடி செத்திருக்காது.

செடியின் வடிவைப் பற்றியும் சொல்லவேண்டும். தண்டு கிடையாது. சாம்பல் கலந்த பச்சை மடல்கள் அகன்று தடித்து, நுனியில் கருஞ்சிவப்பாகக் காய்ந்த ஒரு முள்ளோடு முடியும். வளர்ந்த செடியில் மடல்கள் ஐந்து வரிசையாக அமைந்திருக்கும், வரிசைக்கு 15 முதல் 30 வரை. ஐந்து வரிசையும் நடுவிலிருந்து வெளியே ஒரே பக்கமாகச் சுழலும். சில செடிகள் கடிகாரத் திசையில் சுழலும், சில எதிர்த்திசையில். கன்றாக இருக்கும்போது சுழற்சியே இருக்காது. சாதாரணக் கற்றாழைக் கன்று என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

முதல் செடி: நவம்பர் 2017 முதல் மார்ச் 2018 வரை

நாற்றுப்பண்ணை ஒன்றில் வாங்கியபோது 12 செண்டிமீட்டர் அகலம் இருந்தது. விதையிலிருந்து வளர்த்த கன்று. வேரில் குறை ஒன்றும் இல்லை. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு.

எங்கள் ஊர்ப்பக்கம் சோற்றுக்கற்றாழையை வேரோடு பிடுங்கி, தலைகீழாக வாசல் நிலையில் கட்டித் தொங்கவிடுவார்கள். கண்திருஷ்டிக்கு. மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. அது மாதக்கணக்கில் பச்சையாகவே தொங்கும், சில வீடுகளில் பூவும் விடும். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கற்றாழை என்றாலே ஒரு முடிவு மனத்தில் ஊறியிருக்கும்: வெயில் வேண்டும், தண்ணீர் வேண்டாம். சோற்றுக்கற்றாழையின் தாயகம் அரேபியத் தீபகற்பம். அதற்கு அந்த முடிவு பொருந்தும். பனி விழும் மலையிலிருந்து வந்த இன்னொரு கற்றாழைக்கும் அதையே கொண்டுபோய்ப் பொருத்தினேன்.

கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி, கடையில் கிடைத்த கள்ளிச்செடி மண்கலவை. அந்தக் கலவையில் பாதிக்கு மேல் பீட், அதாவது சதுப்புநிலத்தில் பாதி மக்கிய பாசி. அது ஈரமாக இருக்கும்போது பஞ்சுபோல நீரைப் பிடித்து வைக்கும், ஒருமுறை முற்றாகக் காய்ந்துவிட்டால் ஊற்றுகிற நீரை உள்ளே விடாது. தொட்டியை வைத்தது வடக்குப் பார்த்த கான்கிரீட் சுவரை ஒட்டி. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே நண்பகல் சூரியன் வடக்கில் நிற்கும் என்பதால், வீட்டிலேயே மிக வெப்பமான இடம் அதுதான். செடிக்கு நல்ல இடம் கொடுத்தோம் என்று மகிழ்ந்தேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மட்டும் தண்ணீர் ஊற்றினேன்.

அந்தக் கோடை நியூசிலாந்தில் அதுவரை பதிவானவற்றிலேயே மிக வெப்பமான கோடை. ஜனவரி நடுவில் வெளிமடல்கள் உள்நோக்கிக் குவியத் தொடங்கின. நுனிகள் சிவந்து, இரண்டு விரற்கடை தூரம் காய்ந்தன. தண்ணீர் கூடிவிட்டது என்று நினைத்து இன்னும் குறைத்தேன். பிப்ரவரியில் மடல்கள் மெலிந்து, ஓரம் சுருண்டன. பயந்துபோய், ஒரு வெப்பமான மாலையில் தொட்டியின் அடியில் தட்டு வைத்து நிரம்ப ஊற்றினேன். அடுத்த நாளும் ஊற்றினேன். மடல்கள் ஒரு வாரம் விறைப்பாகத் தெரிந்தன. பிழைத்துக்கொண்டது என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். மார்ச்சில் நடந்ததைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

எது கொன்றது?

மூன்று சந்தேகங்கள் இருந்தன: தண்ணீர்க் குறைவு, தண்ணீர் மிகுதி, வெப்பம். முதல் இரண்டையும் எல்லோரும் சொல்வார்கள். மூன்றாவதை அளந்து பார்க்க முடியும் என்பது அடுத்த கோடையில்தான் தோன்றியது. 2019 ஜனவரியில் அதே தொட்டியில் அதே கலவையை நிரப்பி, செடி இல்லாமல் அதே சுவரோரம் வைத்தேன். பிற்பகல் மூன்று மணிக்குச் சமையலறை வெப்பமானியைத் தொட்டியின் ஓரத்தில் ஐந்து செண்டிமீட்டர் ஆழத்தில் செருகினேன். நிழலில் காற்றின் வெப்பம் 24 பாகை. தொட்டி மண் 39. தோட்டச் சரிவில், கற்களுக்கு அடியில் அதே ஆழத்தில் 18.

தொட்டியில் வளரும் செடியின் இளவேர்கள் பெரும்பாலும் ஓரத்தை ஒட்டியே ஓடும். தண்ணீரை உறிஞ்சுகிற நுனிவேர்கள் அத்தனையும் அந்த 39 பாகையில் கிடந்திருக்கின்றன. நான் கட்டிய வழக்கு இதுதான்: வெப்பமும் வறட்சியும் சேர்ந்து நுனிவேர்களை முதலில் கொன்றன. ஜனவரியில் மடல்கள் குவிந்தது அதன் அடையாளம்; மண்ணில் ஈரம் இருந்தாலும் உறிஞ்ச வேர் இல்லை. பிப்ரவரியில் ஊற்றிய நீர் செத்த வேர்களைச் சுற்றி வெதுவெதுப்பாகத் தேங்கியது. பித்தியம் போன்ற நீர்ப்பூஞ்சைகளுக்கு அதைவிட வாய்ப்பான இடம் கிடையாது. அழுகல் தூருக்கு ஏறியது. இடையில் மடல்கள் விறைத்த அந்த ஒரு வாரத்தில், மிச்சமிருந்த சில வேர்கள் கடைசியாக உறிஞ்சித் தந்திருக்கின்றன.

எனவே, தண்ணீர் கூடியதால் செத்தது என்று சொன்னால் அது கடைசிக் கட்டத்தை மட்டுமே சொல்வதாகும். வேர்ச்சூடு முந்தியது. இந்த வரிசை தெரியாமல் தண்ணீரை மட்டும் குறைத்தால் அடுத்த செடியும் அதே வழியில் போகும். எனக்குத் தெரிந்த இரண்டு தோட்டங்களில் அப்படித்தான் போனது.

இரண்டாம் முறை

2019 செப்டம்பரில், வசந்தத் தொடக்கத்தில், இரண்டு கன்றுகள் வாங்கினேன். இரண்டும் ஒரே விதைப்பில் முளைத்தவை, ஒன்பது செண்டிமீட்டர் அகலம். ஒன்றைக் கிழக்குச் சரிவில் நிலத்திலும், மற்றதை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பெரிய மண்தொட்டியிலும் நட்டேன். இரண்டே செடிகளை வைத்து விதி எழுத முடியாது என்பது தெரியும். ஆனால் வீட்டுத் தோட்டக்காரனுக்கு வாய்க்கும் ஒப்பீடு இவ்வளவுதான்.

நிலத்தில் நடுவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். வெலிங்டன் குன்றுகளில் மேலே களிமண், கீழே உடைந்த கிரேவாக்கி பாறை. ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் பார்த்தால் அரைக்குழி தண்ணீர் அப்படியே நின்றது. களிமண்ணில் குழி தோண்டி, அதற்குள் எவ்வளவு நல்ல சரளைக் கலவையை நிரப்பினாலும், சுற்றியிருக்கும் களிமண் சுவர் அதைக் கிணறாக்கிவிடும். மழை அதில் இறங்கி அங்கேயே நிற்கும். குழியை மூடினேன். தரைக்கு மேலே, கைக்கடக்கமான கற்களை அடுக்கி முக்கால் அடி உயரத்துக்கு ஒரு மேடை கட்டி, அதற்குள் கலவையை நிரப்பினேன்: மூன்று பங்கு ஸ்கோரியா, இரண்டு பங்கு நுரைக்கல் (பியூமிஸ்), ஒரு பங்கு மக்கிய இலையுரம். ஸ்கோரியா என்பது பசால்ட் எரிமலை கக்கிய துளைக்கல். இந்த நாட்டில் தோட்டக் கடைகளில் மூட்டையாகவே கிடைக்கும். லெசோத்தோவின் பாறையும் பசால்ட்தான் என்பதால் அதைத் தேர்ந்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் தேர்ந்தது அதன் துளைகளுக்காக: நீர் நிற்காது, ஈரம் நிற்கும்.

செடியை நேராக நிறுத்தி நடக்கூடாது. சரிவில் சாய்த்து நடவேண்டும், மடல்வட்டம் ஒரு தட்டைச் சாய்த்துப் பிடித்ததுபோலக் கீழ்ச்சரிவைப் பார்க்கவேண்டும். லெசோத்தோவில் கோடையில்தான் மழை, குளிர்காலம் வறண்டது, விழுவது பனி. வெலிங்டனில் தலைகீழ்: குளிர்காலத்தில்தான் மழை மிகுதி. செடி தூங்குகிற மாதங்களில் குருத்துக்குள் குளிர்ந்த நீர் தேங்கினால் அழுகல் மேலிருந்து இறங்கும். முதல் ஆண்டு இருபது பாகை அளவே சாய்த்திருந்தேன். 2020 ஜூலையில் குருத்தருகே ஒரு மடலின் அடியில் கடுகளவு பழுப்புப் புள்ளி தெரிந்தது. பிடுங்கி மறுபடி நட்டால் வேர் அறுந்துவிடும். மேல்பக்கம் மண்வாரியை ஆழமாகச் செருகி, வேர்க்கட்டியோடு சேர்த்து மெல்ல நெம்பி, அடியில் ஒரு தட்டைக்கல்லைத் தள்ளினேன். சாய்வு நாற்பது பாகைக்கு வந்தது. புள்ளி அதற்குப் பிறகு வளரவில்லை. அந்த மடல் இன்றும் இருக்கிறது.

கிழக்குச் சரிவு என்பதால் காலை வெயில் முழுதும் கிடைக்கும், இரண்டு மணிக்குப் பிறகு குன்றின் நிழல். காற்று ஓயாமல் வீசுகிற ஊர். செடி அதைப் பொருட்படுத்தவில்லை. தென்துருவப் பக்கமிருந்து வரும் தெற்குக் காற்றும் உறைபனியும் தொட்டியில் இருப்பதைவிட நிலத்தில் இருப்பதைக் குறைவாகவே தொந்தரவு செய்தன.

தண்ணீர்தான் பழக்கத்துக்கு எதிரானது. கோடையில் வாரம் இருமுறை, மழையில்லாத வாரத்தில் மூன்று முறை, எட்டு லிட்டர் வாளி ஒன்றைச் செடிக்கு இரண்டடி மேலே சரிவில் சாய்க்கிறேன். நீர் கற்களுக்குள் இறங்கி, வேர் வழியாகப் போய், மேடையின் கீழ்ப்பக்கம் கசிந்து வெளியேறும். அந்தக் கசிவைக் கண்ணால் பார்க்கும்வரை நகர்வதில்லை. கசிவு தெரியாவிட்டால் வடிகால் அடைபட்டிருக்கிறது என்று பொருள். ஏப்ரலுக்குப் பிறகு ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை. உரம், வசந்தத்தில் பாதிச் செறிவில் கரைத்த திரவ உரம் இரண்டு முறை, அவ்வளவே.

பூச்சித் தொல்லையும் உண்டு. நத்தைகள் இரவில் மடல் இடுக்கில் ஒளிந்துகொள்ளும். டார்ச் விளக்கோடு போய் எடுத்துப் போடவேண்டும். மாவுப்பூச்சி ஒருமுறை வந்தது. பஞ்சுக்குச்சியைச் சாராயத்தில் தோய்த்து, ஒவ்வொரு இடுக்காகத் துடைத்து ஒழித்தேன்.

மடலில் எழுதிய நாட்காட்டி

இந்தச் செடியின் மடலில் விழுந்த காயம் ஆறாது. அந்த மடல் காய்ந்து உதிரும்வரை வடுவாக இருக்கும். 2022 குளிர்காலத்தில் ஓர் ஆலங்கட்டி மழை பெய்தது. குருத்தை ஒட்டிய மடல்களின் முதுகில் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல வெண்புள்ளிகள் விழுந்தன. அப்போது வருந்தினேன். பிறகு அந்த வடுவே எனக்கு அளவுகோலானது. புதிய மடல்கள் நடுவிலிருந்து வர வர, புள்ளிவிழுந்த மடல்கள் சுருளோடு சேர்ந்து வெளியே நகர்ந்தன. 2025 நவம்பரில் எண்ணினேன்: வடுவுக்கு உள்ளே 52 மடல்கள், வெளியே 36. மூன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் 52 மடல்கள் என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 15. வரிசை ஒன்றுக்கு மூன்று. வரிசையில் எத்தனையாவது மடல் என்று பார்த்தால் அது எந்த ஆண்டில் பிறந்தது என்று சொல்லிவிடலாம். நத்தை கடித்த 2023-ஆம் ஆண்டு மடல்கூட எனக்கு அடையாளம் தெரியும்.

சுழற்சி தொடங்கியதும் அந்த 2022-இல்தான். அதுவரை ஐந்து வரிசையும் நேராக, நட்சத்திரம்போல நின்றன. செப்டம்பரில் ஒருநாள் மேலிருந்து பார்த்தபோது நட்சத்திரத்தின் ஐந்து கையும் இலேசாக ஒரே பக்கம் வளைந்திருந்தன. படத்தை எடுத்துப் பழைய படத்தோடு வைத்துப் பார்த்தபிறகுதான் நம்பினேன். கடிகாரத் திசை. ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் படம் அனுப்பியபோது, மார்கழிக் கோலத்தில் இழையைச் சுழித்து இழுப்பதுபோல இருக்கிறது, யார் சொல்லிக்கொடுத்தார்கள் அதற்கு என்று கேட்டார்.

மண்தொட்டிச் செடியும் உயிரோடு இருக்கிறது. நாற்பது செண்டிமீட்டர் வாயுள்ள, வெளிர்நிற மண்தொட்டி. கிழக்குத் திண்ணையில் நிழலுக்கு அருகில். கோடைப் பிற்பகலில் அதன் மண் 26 பாகையைத் தாண்டியதில்லை. ஆனால் 2025 நவம்பரில் அதன் அகலம் 31 செண்டிமீட்டர், நிலத்துச் செடி 46. சுழற்சியும் ஓர் ஆண்டு பிந்தியே வந்தது. தொட்டியில்தான் வளர்க்க முடியும் என்பவர்களுக்கு என் பதில்: முடியும். பிளாஸ்டிக் வேண்டாம், கறுப்பு நிறம் வேண்டவே வேண்டாம். தொட்டியின் வயிற்றில் பிற்பகல் வெயில் படாமல் முன்னால் வேறு செடிகளை வையுங்கள்.

வாங்குவது பற்றி

இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. லெசோத்தோவில் 1938 முதலே சட்டம் இந்தச் செடியைக் காக்கிறது. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில், மிகக் கடுமையான காப்புள்ள பட்டியலில், இது இருக்கிறது. அப்படியிருந்தும் மலையிலிருந்து பெயர்த்த பெரிய செடிகள் சாலையோரம் விற்கப்பட்டிருக்கின்றன. வாங்கிப் போனவர் வீட்டில் அவை பெரும்பாலும் பிழைப்பதில்லை. பாறை இடுக்கில் பரவிய வேர் பெயர்க்கும்போதே அறுந்துவிடுகிறது, அதன்பின் தாழ்நிலத்து வெப்பம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. இந்தக் கற்றாழை பக்கக்கன்று ஈனுவதும் அரிது. மலையில் ஒன்று போனால் அந்த இடம் விதை விழும்வரை காலிதான்.

விதையிலிருந்தோ திசு வளர்ப்பிலோ உருவான கன்றுகள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. கன்று சிறியதாக, சுழலாமல், பார்க்கச் சாதாரணமாக இருந்தால் அதை வாங்குங்கள். முழுச் சுருளோடு மலிவாக வந்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்; விடை சரியாக வராவிட்டால் விட்டுவிடுங்கள். நீலத்திலும் ஊதாவிலும் சுருள் படம் போட்டு விற்கப்படும் விதைப் பொட்டலங்கள் வெறும் நிறமேற்றிய படங்கள்; அப்படி ஒரு செடி உலகில் இல்லை. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கேட்கும் நண்பர்களிடம், உங்கள் மே மாத இரவைக்கூட இதன் வேர் தாங்காது, வேண்டாம் என்றே சொல்லிவருகிறேன்.

நிலத்துச் செடி இன்னும் பூக்கவில்லை. பூத்தால் வசந்தத்தில், கிளைத்த தண்டின் முனையில் வெளிர்ச்சிவப்புப் பூக்கள் வரும். கற்றாழைகளில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை, இன்னொரு செடி பக்கத்தில் வேண்டும். மண்தொட்டிச் செடி இருந்தாலும் அது இதே விதைப்பில் பிறந்த உடன்பிறப்பு. அதனால் வேறொரு பண்ணையின் விதையில் முளைத்த கன்று ஒன்றைப் போன வசந்தத்தில் ஒரு மீட்டர் மேலே, இன்னொரு கல்மேடையில், நாற்பது பாகை சாய்த்து நட்டிருக்கிறேன். ஐந்து வரிசையும் நேராக நிற்கின்றன. எந்தப் பக்கம் சுழலப்போகிறது என்பதற்கான அறிகுறி இன்னும் தெரியவில்லை.